பண்பளவை சாரா: ஒரு பெயர் நடந்த வழி

பெயர்களில் ஒரு வகை உண்டு. அவை தாம் சுட்டும் பொருள் இன்னது என்று சொல்வதில்லை. இன்னது அன்று என்று மட்டும் சொல்லி அமைந்துவிடும். நம் இலக்கணத்துக்கு இது புதிதன்று. உயர்திணை என்று ஒன்றை வகுத்தபின் எஞ்சிய உலகம் முழுவதையும் ‘அல்’லோடு திணையைச் சேர்த்து அஃறிணை ஆக்கினோம், வேற்றுமைப் புணர்ச்சியைத் தனியே எடுத்தபின் எஞ்சிய பதினான்கு வகைத் தொடர்களையும் அல்வழி என்ற ஒரே பெயருக்குள் அடக்கினோம், தொகைக்குள் இல்லாத மொழியொன்று பொருளாய் வந்து நின்றால் அதற்கு அன்மொழித்தொகை என்று பெயரிட்டோம். மாடும் மரமும் மலையும் தம்முள் எவ்வகையிலும் ஒட்டாதவை; ‘அது அன்று’ என்னும் ஒரே காரணத்தால் அவை ஒரு திணையாயின.

இப்படிப் பிறந்த பெயர் ஒன்று புள்ளியியலிலும் உண்டு. ஆங்கிலத்தில் அதை ‘நான்பாராமெட்ரிக்’ என்பர். இரண்டோ பலவோ ஆன குழுக்களை, ஒவ்வொன்றிலும் பல அளவுகளை ஒருசேர வைத்துக்கொண்டு ஒப்பிட்டு, இவை உண்மையிலேயே வேறுபட்டவையா, தற்செயலால் வேறுபட்டுத் தோன்றுகின்றனவா என்று கேட்கும் முறைகளின் பெருங்குடும்பம் ஒன்று இந்தப் பெயரின் நிழலில்தான் வளர்ந்தது. பெயரைப் பிரித்துப் பார்ப்போம், சொல்நயம் நாடும் அன்பரே. உள்ளே நாம் அறிந்த பல முகங்கள் இருக்கின்றன.

நடுவில் இருக்கும் உடலை முதலில் எடுத்துக்கொள்வோம். பாராமீட்டர் என்பது ‘பாரா’, ‘மெத்ரோன்’ என்னும் இரு கிரேக்கச் சொற்களின் கூட்டு. மெத்ரோன் என்றால் அளவு. நாம் குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று எண்ணுகிறோமே, அந்த மாத்திரை வடமொழி ‘மாத்ரா’வின் தமிழ்வடிவம், அந்த மாத்ராவும் இந்த மெத்ரோனும் அளத்தற்பொருள் கொண்ட ஒரே வேரின் கிளைகள். ஆட்டோவில் ஓடும் மீட்டரும் துணிக்கடை மீட்டரும் அதே குலம். ‘பாரா’ என்றால் அருகே, பக்கத்தில், உடன். ஒலியொப்புமையை நம்பி இதைப் பாராசூட்டோடு சேர்த்துவிடக் கூடாது. அந்தப் பாரா ‘தடுத்துக் காப்பது’ என்னும் பொருளுடைய வேறு வினையிலிருந்து வந்தது. ஆனால் பரபோலாவின் ‘பர’ இதே பாராதான். நம் கணித நூலார் பரபோலாவுக்குப் பரவளையம் என்று பெயர் வைத்தபோது, கிரேக்க ஒலியையும் விடாமல், பரந்து செல்லும் வளைவு என்னும் தமிழ்ப்பொருளையும் விடாமல், இரண்டையும் ஒரு சொல்லில் பிடித்துவிட்டார்கள். இப்படிப்பட்ட பொருத்தம் எளிதில் வாய்ப்பதன்று.

பரவளையத்தை இங்கே இழுத்து வந்ததற்குக் காரணம் உண்டு. பாராமீட்டர் என்னும் சொல் பிறந்ததே அந்த வளைவின் மடியில்தான். பிரெஞ்சுக் கணித அறிஞர் கிளாட் மிதோர்ஜ் 1631இல் வெளியிட்ட கூம்பு வெட்டுகள் பற்றிய இலத்தீன் நூலில், வளைவின் குவியம் வழியே அச்சுக்குச் செங்குத்தாக ஓடும் நாணின் நீளத்துக்கு இந்தப் பெயரை இட்டார். இலத்தீனில் அந்த நீளத்துக்கு ஏற்கெனவே ‘லேட்டஸ் ரெக்டம்’, அதாவது நேர்ப்பக்கம், என்ற பெயர் இருந்தது. பள்ளியில் நாம் அதைச் செவ்வகலம் என்று படித்தோம். செங்குத்து, செங்கோணம், செங்கோல் ஆகியவற்றில் வரும் அதே செம்மைதான் செவ்வகலத்திலும் வருகிறது. அங்கே அது நிறத்தைக் குறிப்பதன்று, கோடாமையைக் குறிப்பது. இந்த ஒரு நீளத்தைச் சொல்லிவிட்டால் பரவளையம் எவ்வளவு குறுகியது, எவ்வளவு அகன்றது என்பது முழுவதும் தெரிந்துவிடும். வளைவு அன்று அது. வளைவுக்கு அருகில் நின்று வளைவை அளந்து சொல்லும் அளவு. ‘அருகளவு’ என்று கிரேக்கத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், அந்தப் பெயர் அன்றைய பொருளுக்கு எவ்வளவு நேராகப் பொருந்தியது என்பது விளங்கும்.

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில் லைப்னிட்சு இந்தச் சொல்லை எடுத்து விரித்தார். ஒரு வளைவுக்குள் மாறாமல் நின்று, ஒரு வளைவிலிருந்து அதே குடும்பத்தின் இன்னொரு வளைவுக்குப் போகும்போது மட்டும் மாறும் எண் எதுவாயினும் அது பாராமீட்டர் ஆயிற்று. மாறியும் அன்று, முற்றிலும் மாறிலியும் அன்று. இரண்டுக்கும் இடைப்பட்ட ஒன்று. வடிவியலில் நாம் இதற்கு வைத்த பெயர் துணையலகு. ‘பாரா’வுக்குத் துணை, ‘மெத்ரோ’னுக்கு அலகு என்று எழுத்தெண்ணிப் பெயர்த்தது போலத் தோன்றினாலும் இந்த அலகு நம் வீட்டுச் சொல். எண்ணுவதற்கு வைத்த பலகறைக்கு அலகு என்று பெயர் இருந்தது. செய்யுளின் சீரைப் பிரித்து நேர், நிரை என்று குறித்து வாய்பாடு சொல்வதை இன்றும் அலகிடுதல் என்கிறோம். தேர்வில் திருக்குறளை அலகிட்டு எழுதிய கை, அடுத்த தாளில் பரவளையத்தின் துணையலகுச் சமன்பாட்டை எழுதியது. இரண்டிலும் இருந்தது ஒரே அலகு என்று அப்போது யாரும் நமக்குச் சொல்லவில்லை.

சொல்லின் அடுத்த பெயர்ச்சிக்கு நாளும் ஆளும் தெரியும். 1922இல் ரொனால்டு ஃபிஷர் புள்ளியியலின் கணித அடித்தளம் பற்றி இலண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் எழுதிய நெடுங்கட்டுரையில் பாராமீட்டர் என்னும் சொல்லைப் புள்ளியியலுக்குள் நிலையாகக் குடியமர்த்தினார். கையில் இருக்கும் கூறிலிருந்து கணக்கிட்டுப் பெறுவது ஒன்று. அந்தக் கூறு எந்தப் பெருந்தொகுதியிலிருந்து வந்ததோ அந்தத் தொகுதிக்கே உரியதாய், நாம் கண்ணால் காணாததாய் நிற்கும் உண்மையளவு மற்றொன்று. இந்தப் பின்னதற்கே பாராமீட்டர் என்று பெயர். தமிழ்ப் பாடநூலார் இங்கே துணையலகை மீண்டும் எடுத்துவந்து வைக்கவில்லை. பண்பளவை என்று புதிதாக ஆக்கினார்கள். மேலைநாட்டார் ஒரே சொல்லை இரண்டு துறைக்கும் நீட்டிக்கொள்ள, தமிழ் ஒவ்வொரு துறையிலும் பொருளைப் பார்த்துப் பெயர் வைத்தது. எனக்கு இதில் சிறு பெருமிதம் உண்டு.

பண்பளவையின் பின்பாதியும் சாதாரணச் சொல் அன்று. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்று நான்கு அளவை சொல்லும்போது அது மரக்காலும் முழக்கோலும். அளவை நூல் என்னும்போது அது தருக்கம். காட்சியும் கருதலும் போன்ற, உண்மையை அறியும் வாயில்கள். மணிமேகலையின் சமயக்கணக்கர்தம் திறம்கேட்ட காதையில் அளவைவாதி வந்து நிற்பது இந்தப் பொருளில்தான். அளந்து பார்ப்பதும் ஆராய்ந்து தெளிவதும் ஒரே சொல்லாய் இருக்கும் மொழியில், காணாத தொகுதியின் இயல்பைக் கண்ட கூறிலிருந்து கருதி அறியும் கலைக்கு இதைவிடப் பொருந்திய சொல் வாய்க்காது.

இனி, பண்பளவையைச் சார்வது என்றால் என்ன? அளவுகள் அனைத்தும் மணியுருவான இயல்நிலைப் பரவலில் அமைந்திருக்கின்றன என்று கொண்டுவிட்டால், நமக்குத் தெரியவேண்டியவை இரண்டே எண்கள்: சராசரி, திட்டவிலக்கம். (சராசரி பாரசீகத்திலிருந்து வந்து நம் சந்தைக் கணக்கில் கலந்த சொல், இன்று அதை வெளியார் என்று சொல்ல யாருக்கும் மனம் வராது.) பரவலின் உருவம் தெரியும், இரண்டு இடங்கள் மட்டும் நிரப்பப்படாமல் இருக்கின்றன என்று வைத்துக்கொண்டு செய்யும் ஒப்பீடு பண்பளவை சார்ந்தது. உருவமே தெரியாதென்றால்?

இந்தக் கேள்விக்குத்தான் பெயர் வேண்டியிருந்தது. வார்சாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஜேக்கப் வோல்ஃபோவிட்ஸ் 1942இல் கணிதப் புள்ளியியல் ஆண்டேடான ‘அன்னல்ஸ் ஆஃப் மேதமேட்டிகல் ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ இதழில் எழுதிய கட்டுரையில், பரவலின் சார்பு வடிவம் தெரிந்திருந்து சில எண்கள் மட்டும் தெரியாத நிலையைப் பாராமெட்ரிக் என்றும், சார்பு வடிவமே தெரியாத எதிர்நிலையை நான்பாராமெட்ரிக் என்றும் பெயரிட்டார். உடல் கிரேக்கம், மேலே ஒட்டிய ‘நான்’ இலத்தீன். இரு மொழியும் கலந்த கூட்டு. அந்தக் கலப்பால் குறையொன்றும் இல்லை. குழப்பம் வேறிடத்தில் வந்தது. ‘நான்’ என்னும் முன்னொட்டு எதை மறுக்கிறது என்று ஆங்கிலம் சொல்வதில்லை. பண்பளவையே இல்லை என்கிறதா? பண்பளவையாக இருப்பதை மறுக்கிறதா? பண்பளவையை நம்பி நிற்பதை மறுக்கிறதா? பெயரைக் கேட்ட பலர் முதற்பொருளையே எடுத்துக்கொண்டு, இந்த முறைகளில் பண்பளவை என்ற பேச்சே கிடையாது என்று எண்ணிவிட்டார்கள். அது பிழை. இடைநிலை அளவைக் குறித்து எடுகோள் வைத்துச் சோதிப்பதும் இந்தக் குடும்பத்துச் சோதனைதான். இடைநிலை அளவும் தொகுதியின் ஒரு பண்புதான்.

தமிழில் இந்த மூன்று மறுப்பும் மூன்று வேறு சொற்கள். அன்மை வேறு, இன்மை வேறு, வினையின் எதிர்மறை வேறு. ‘பண்பளவை அல்லாத’ என்றால் பொருள் எது என்பதை மறுக்கிறோம். ‘பண்பளவை இல்லாத’ என்றால் இருப்பை மறுக்கிறோம். ‘பண்பளவை சாரா’ என்றால் சார்தலை மட்டும் மறுக்கிறோம். பண்பளவை இருக்கலாம்; அதன்மேல் சாய்ந்து நிற்கவில்லை, அவ்வளவே. வோல்ஃபோவிட்ஸ் சொல்ல வந்தது இந்த மூன்றாவது. ஆங்கிலத்தில் அதை விளக்க ஒரு பத்தி வேண்டும். நமக்கு ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம் ஒன்று போதும்.

சாரா என்னும் அந்தச் சொல்லில் இன்னோர் அடுக்கும் மறைந்திருக்கிறது. சார் என்பது சாய்தல், பொருந்துதல், ஒன்றன் துணையால் நிற்றல். முதலெழுத்தின் துணையின்றி வாராத எழுத்து சார்பெழுத்து. ஒன்றைக் கொடுத்தால் மற்றொன்று அதற்கேற்ப வந்து நிற்கும் கணித உறவுக்கும் நாம் சார்பு என்றே பெயர் வைத்திருக்கிறோம். வோல்ஃபோவிட்ஸ் தெரியாது என்று சொன்னது பரவலின் சார்பு வடிவத்தை. ஆகவே ‘சாரா’ என்று சொல்லும்போது, சாய்ந்து நில்லாமை என்பதோடு, முன்கூட்டி ஒரு சார்பைக் கொள்ளாமை என்பதும் அதே அசைகளில் ஒலிக்கிறது. இது யாரும் திட்டமிட்டு வைத்ததன்று என்றே கருதுகிறேன். நல்ல வேர்ச்சொற்கள் சில வேளை தாமாகவே இப்படிப் பணி செய்யும்.

ஒலியைப் பற்றியும் ஒரு சொல். சாராவின்முன் வல்லினம் வந்தால் மிகும். பண்பளவை சாராச் சோதனை, சாராக் கணிப்பு. ‘சாரா சோதனை’ என்று ஒற்றை விட்டு அச்சிட்ட பக்கங்களைப் பார்க்கும்போது மனம் சற்றே தடுக்குகிறது. ஓடாக் குதிரை, பாடாத் தேனீ என்று சொல்லிப் பாருங்கள். அந்த ஒற்று இல்லாவிட்டால் மறுப்பு அழுத்தம் பெறாமல் நெகிழ்ந்துவிடும்.

பெயர் 1942இல் வந்தது என்றால் பொருளும் அன்றுதான் வந்தது என்று ஆகாது. அரசி ஆனின் மருத்துவரான ஜான் ஆர்பத்நாட், 1629 முதல் 1710 வரை இலண்டனில் திருமுழுக்குப் பெற்ற குழந்தைகளின் பதிவேட்டை எடுத்துப் பார்த்தார். 82 ஆண்டுகள், ஒவ்வோர் ஆண்டும் ஆண் குழந்தைகள் மிகுதி. ஆணும் பெண்ணும் மிகுவதற்குச் சமவாய்ப்பு என்றால், 82 முறையும் ஒரு பக்கமே விழுவதற்கான நிகழ்தகவு, ஒன்றை 82 முறை பாதியாக்கி வருவது. எவ்வளவு மிகுதி என்று அவர் அளக்கவில்லை. மிகுதியா குறைவா என்ற குறியை மட்டும் எண்ணினார். பரவலின் உருவத்தைப் பற்றி அவர் ஒன்றும் கொள்ளவில்லை. பெயர் பிறப்பதற்கு இருநூற்றாண்டுக்கு முன்பே பிள்ளை நடந்துகொண்டிருந்தது.

குறியிலிருந்து தரத்துக்கு, அதாவது அளவுகளை அடுக்கும்போது ஒவ்வொன்றும் பெறும் இடத்துக்கு, வந்தது அடுத்த அடி. ஸ்பியர்மேன் 1904இல் தர ஒட்டுறவைத் தந்தார். அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தில் பணிசெய்த வேதியியலார் ஃபிராங்க் வில்காக்சன் 1945இல் நான்கு பக்கக் கட்டுரை ஒன்றில் தரங்களைக் கூட்டி இரு குழுக்களை ஒப்பிடக் காட்டினார். 1947இல் மான், விட்னி இருவரும் அதன் கணிதத்தை விரித்தனர். 1952இல் கிரஸ்கல், வாலிஸ் இருவரும் பல குழுக்களுக்கு நீட்டினர். இவற்றின் வேலையைச் சற்று அருகே நின்று பார்ப்போம். ஃபிஷர் 1936இல் எடுத்தாண்டு புகழ்பெற்ற ஐரிஸ் பூக்களின் அளவுகளில், செட்டோசா இனத்தின் 50 பூக்களுக்கு அல்லியிதழ் நீளம் 1.0 முதல் 1.9 செ.மீ. வரை, வெர்சிகலர் இனத்தின் 50 பூக்களுக்கு 3.0 முதல் 5.1 வரை. நூறு பூக்களையும் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கினால் முதல் ஐம்பது இடமும் செட்டோசாவுக்கு, அடுத்த ஐம்பதும் வெர்சிகலருக்கு. ஒன்றன் தரக்கூட்டு 1275, மற்றொன்றன் கூட்டு 3775. இப்போது அந்த 5.1ஐ எழுதியவர் புள்ளியைத் தவறவிட்டு 51 என்று எழுதிவிட்டார் என்று கொள்வோம். வெர்சிகலரின் சராசரி 4.26இலிருந்து 5.18க்கு ஏறிவிடும். தரமோ அசையாது; நூறாவது பூ நூறாவதாகவே நிற்கும்.

தரம் என்னும் சொல்லைப் பற்றி எனக்குச் சிறு தயக்கம் உண்டு. ஒப்பீட்டில் மிக்கதைச் சொல்லும் வடமொழித் ‘தர’ ஈற்றின் சாயல் இதில் தெரிகிறது. மேலும் பேச்சுவழக்கில் தரம் என்றாலே நல்ல தரம் என்று உயர்வு ஏறிவிடுகிறது. பழந்தமிழில் இதற்கு வரிசை என்ற சொல் இருந்தது. இன்று வரிசை என்றால் நியாயவிலைக் கடையில் நிற்கும் வரிசையும் மணவீட்டுச் சீர்வரிசையும்தான் நினைவுக்கு வரும். புறநானூற்றின் 121ஆம் பாட்டில் கபிலர் மலையமான் திருமுடிக்காரிக்குச் சொல்வது வேறு வரிசை: பரிசில் நாடி வந்தோரின் தகுதி வேறுபாட்டை அறிதல். எல்லாரையும் ஒரே கண்ணால் நோக்குவதை விட்டு, ஒருவர்க்குமுன் ஒருவர் என்று இடம் அறிவது. வில்காக்சன் எண்களுக்குச் செய்தது இதைத்தான். ஆயினும் வரிசையை மீட்டெடுத்துத் தரத்தின் இடத்தில் வைக்க வேண்டும் என்று நான் வழக்காட மாட்டேன். வரிசைக்கு இதே துறையில் வேறொரு பணி காத்திருக்கிறது.

இனி, ஒவ்வொன்றிலும் பல அளவுகளை ஒருசேர எடுக்கும் பன்மாறிக்கு வருவோம். ஒரு பூவுக்கு ஓர் அளவு என்றிருந்தவரை அடுக்குவது எளிது. ஐரிஸ் பட்டியலில் ஒவ்வொரு பூவுக்கும் நான்கு அளவுகள்: புல்லியிதழ் நீளம், அகலம், அல்லியிதழ் நீளம், அகலம். முழுப்பட்டியலின் 150 பூக்களும் 150 நிரைகள். நான்கு அளவுகளும் நான்கு நிரல்கள். நிர என்னும் ஒரே அடியிலிருந்து படுக்கைக்கு நிரை என்றும் நெடுக்கைக்கு நிரல் என்றும் இரண்டு சொல் பிரித்துக்கொண்ட அணிக்கணிதத்தார் செவியுடையவர்கள். இந்த நிரைகளுள் எது முன், எது பின்? வெர்சிகலரோடு ஒப்பிட்டால் செட்டோசாவின் புல்லியிதழ் சராசரியில் குட்டை, ஆனால் அகலம் அதிகம்: 5.01க்கு 5.94, 3.43க்கு 2.77. எது பெரியது என்ற கேள்விக்கே இங்கு விடையில்லை. எண்கோட்டில் முன்பின் உண்டு, தளத்தில் கிடையாது.

பண்பளவை சார்ந்த வழி இதற்கு முன்பே அமைந்திருந்தது. ஹாரல்ட் ஹோட்டலிங் 1931இலும், தம் பெயராலேயே வழங்கும் தொலைவைக் கொல்கத்தாவிலிருந்து தந்த மகாலனோபிஸ் 1936இலும் அதை வகுத்தனர். ஆனால் அந்த வழியில் போக எத்தனை பண்பளவைகளை நம்ப வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். நான்கு மாறிகளுக்கு நான்கு சராசரிகள், அவற்றின் மாறுபாடுகளும் உடன்மாறுபாடுகளுமாகப் பத்து, ஆகப் பதினான்கு. நூறு மாறிகள் என்றால் 5150. கடலடி மண்ணை அள்ளி உயிரினம் எண்ணும் சூழலியலாருக்கு நூறு இனம் பெரிய எண்ணே அன்று. அவர்கள் கையில் இருக்கும் கூறுகளோ சில பத்துகள், பட்டியலில் பாதிக்கு மேல் சுழியம். இயல்நிலைப் பரவல் என்று கொள்ள அங்கே இடமே இல்லை. சார்வதற்கான தூண்களே கூரையைவிடக் கனத்துவிட்டன.

தரவழியைப் பன்மாறிக்குக் கொண்டுசென்ற முதற்பணிகளுள் ஒன்று கொல்கத்தாவில் நடந்தது. சௌதிர் கிஷோர் சட்டர்ஜியும் பிரணாப் குமார் சென்னும் 1964இல் கல்கத்தா புள்ளியியல் கழக இதழில், இரு மாறிகளில் இரு குழுக்களை ஒப்பிட வழி சொன்னார்கள். ஒவ்வொரு நிரலுக்குள்ளும் தனித்தனியே தரம் இடு. கிடைத்த தர அணியின் நிரைகளைக் கலைக்காமல், எந்த நிரை எந்தக் குழு என்ற பெயரை மட்டும் மாற்றி மாற்றி வை. மாறிகளுக்கிடையிலான உறவு நிரைக்குள்ளேயே பத்திரமாக இருக்கும். மதன் லால் பூரியும் சென்னும் சேர்ந்து 1971இல் இதைப் பெருநூலாக விரித்தார்கள்.

இங்கேதான் வரிசைக்குக் காத்திருந்த பணி வருகிறது: வரிசை மாற்றம். குழுக்களுக்கிடையே வேறுபாடே இல்லை என்பது உண்மையானால், பெயர்களை எப்படி மாற்றி இட்டாலும் கிடைக்கும் வேறுபாடு ஏறத்தாழ ஒன்றுபோல இருக்க வேண்டும். ஐந்தும் ஐந்துமான இரு குழுக்களைப் பிரிக்க 252 வழி உண்டு. உண்மையில் கிடைத்த பிரிவு அந்த 252இல் எங்கே நிற்கிறது என்று பார்த்தால் போதும். 1935இல் ஃபிஷரும், அடுத்த ஆண்டுகளில் பிட்மனும் கண்ட இந்த எண்ணம், கணிப்பொறி வந்தபின் ஆயிரக்கணக்கான மாற்றங்களுக்கு எளிதாயிற்று.

சூழலியலார் தரத்தையும் ஒருபுறம் வைத்துவிட்டுத் தொலைவைக் கையிலெடுத்தார்கள். பிரேயும் கர்ட்டிசும் 1957இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் காடுகளை ஆராய்ந்தபோது ஆண்ட வேறுபாட்டளவு இன்றும் அவர்களிடம் வழங்குகிறது. ஒவ்வொரு கூறும் பல்பரிமாண வெளியில் ஒரு புள்ளி. இரு புள்ளிக்கு இடையே ஒரு தொலைவு. புள்ளியியல் என்ற பெயர் இவ்விடத்தில் சொல்லளவிலும் மெய்யாகிவிடுகிறது. புள்ளி என்றால் மெய்யெழுத்தின் தலையில் இருப்பது, கோலத்தில் இருப்பது. மதிப்பிட்டுக் கணக்குப் பார்ப்பதும் புள்ளிதான். நகரத்தார் கோயில் கணக்கில் மணமான ஓர் இணையர் ஒரு புள்ளி, வரியும் புள்ளிவரி. எண்ணப்படும் ஓர் அலகு என்னும் இந்தப் பொருள் நம்மிடம் இருந்ததால்தான் ‘ஸ்டேட்’ என்னும் அரசிலிருந்து பிறந்த ஸ்டாட்டிஸ்டிக்சுக்கு நாம் அரசைத் தேடிப் போகவில்லை.

2001இல் மார்ட்டி ஆண்டர்சன் ‘ஆஸ்ட்ரல் ஈக்காலஜி’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். புள்ளிகளின் மையத்தைத் தேடாமலே, புள்ளிகளுக்கு இடையிலான தொலைவுகளின் இருபடிகளைக் கூட்டியே, குழுவுக்குள் எவ்வளவு, குழுக்களுக்கிடையே எவ்வளவு என்று மாறுபாட்டைப் பகுக்கலாம்; பின் வரிசை மாற்றத்தால் அதைச் சோதிக்கலாம். வழக்கமாக 999 மாற்றங்கள். உண்மையானதையும் சேர்த்தால் ஆயிரம். கட்டுரையின் தலைப்பில் அந்த முறைக்கு அவர் இட்ட பெயர் நான்பாராமெட்ரிக் பன்மாறி மாறுபாட்டுப் பகுப்பாய்வு. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அவர் உருவாக்கிய மென்பொருளின் பெயர் ‘பெர்மனோவா’ ஆயிற்று. ‘நான்’ போய்விட்டது, பெர்முட்டேஷன், அதாவது வரிசை மாற்றம், அந்த இடத்தில் வந்து அமர்ந்தது. எதைச் சாரவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்த பெயர், தான் எதைக் கொண்டு இயங்குகிறது என்று சொல்லத் தொடங்கியது. இந்தப் பெயர் வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த திருப்பம் இது. அஃறிணைக்குள் அடைபட்டுக் கிடந்த ஒன்றுக்குத் தனிப்பெயர் கிடைத்தது போன்றது.

பெயர் மாறியதில் உண்மையும் கூடிற்று. எதையும் சாராதது என்ற எண்ணம் இந்த முறைக்குப் பொருந்தாது. பெயர்களை மாற்றி இடலாம் என்றால் எல்லாப் புள்ளிகளும் இடமாறத் தக்கவை என்று கொண்டுவிட்டோம். ஒரு குழு நெருங்கியும் மற்றொன்று சிதறியும் கிடந்தால், மையங்கள் ஒன்றாக இருக்கும்போதும் சோதனை வேறுபாடு உண்டு என்று சொல்லிவிடலாம். ஒவ்வொரு குழுவிலும் உள்ள புள்ளிகளின் எண்ணிக்கை சமமாக இல்லாதபோது இது கூடும் என்பதை ஆண்டர்சனும் வால்ஷும் 2013இல் ஆராய்ந்து காட்டினார்கள். பண்பளவையைத்தான் சாரவில்லை; கொள்கை எதையும் கொள்ளாமல் யாரும் ஒப்பிட முடியாது. சார்தலின் செயப்படுபொருளை வெளிப்படையாகச் சொல்லும் நம் தொடர், ‘பண்பளவையை’ என்று எல்லை கட்டிவிடுவதால், அந்த அளவுக்கு மேல் வாக்குக் கொடுப்பதில்லை.

ஆகவே என் முடிபு இது. ‘பண்பளவையற்ற’, ‘பண்பளவை இல்லாத’, ‘பண்பளவை அல்லாத’ என்று பலவாறு எழுதுவதை விடுத்துப் பண்பளவை சாரா என்பதையே பொதுப்பெயராகக் கொள்ளலாம். அந்தப் பொதுப்பெயரோடு நின்றுவிடாமல், தரத்தால் இயங்குவதைத் தரவழி ஒப்பீடு என்றும், பெயர் மாற்றி இட்டுச் சோதிப்பதை வரிசைமாற்றச் சோதனை என்றும், தொலைவால் பகுப்பதைத் தொலைவுவழிப் பகுப்பாய்வு என்றும் அதனதன் செயலால் அழைக்க வேண்டும். பாடநூலும் அகராதியும் எழுதும் அன்பர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். எழுதும்போது சாராவுக்குப் பின் அந்த ஒற்றையும் மறவாமல் இடுங்கள்.